புகைக்கப்பலின் உறவுக்காரர்

மேற்குக் கடலுக்குத் திறந்து கிடந்த அந்தச் சிறு தீவில், சுண்ணாம்புச் சூளைக்குக் கடற்கல் சுமந்து வயிறு வளர்த்தவர் வீரகத்தியார். மனைவி மக்கள் இல்லை. விடியுமுன் நன்னீர்க் கிணற்றில் ஒரு குடம் மொண்டு, சிவன் கோயில் அபிஷேகத்துக்கு வைத்துவிட்டே சூளைக்குப் போவார். அந்தக் குடம் சுமக்காத நாளை அவர் தம் நாளாகவே எண்ணியதில்லை.

ஆனி மாதம், தென்மேற்குச் சோளகக் காற்று மூர்க்கமாக வீசிய ஒரு காலையில், ஆளேற்றி வந்த புகைக்கப்பல் ஒன்று மேற்குக் கரையை ஒட்டி நீருக்குள் கிடந்த கற்பாரில் ஏறிச் சிக்கியது. கரையில் நின்றால் முகம் தெரிகிற தூரம்தான். ஊரார் இறக்கிய தோணிகளை எல்லாம் அலை திருப்பி எறிந்தது. கப்பலில் நின்றவர்கள் பகல் முழுதும் கூவினார்கள். ஊர் முழுதும் நின்று கேட்டது. பொழுது சாயக் கப்பல் பிளந்தது. கூவலும் அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் காற்று விழும்போதெல்லாம் அது மறுபடி கேட்டது. பாரில் சிக்கிய கப்பல் மணி அலைக்கு அலை அடித்தது. பயந்துபோன ஊரார் மேற்குக் கரையையே மறந்தார்கள். பகலிலும் வேலிப் படலையைச் சாத்தினார்கள்.

அங்கே போனவர் வீரகத்தியார் ஒருவரே. ஒதுங்கிய உடல்களைக் கப்பற் பலகைகளில் கிடத்தி, பெற்றவருக்குச் செய்வதுபோலத் தம் தலையை மழித்துக் கொள்ளி வைத்தார். கொள்ளி வைத்தவருக்குச் சாவுத் துடக்கு என்னும் தீட்டு உண்டு. அது கழியும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார்.

கோயில் ஐயர் மனம் பொறாமல் தேடி வந்தார். "வீரகத்தி, ஆரோ எவரோ. புதைச்சுப்போட்டுத் தலைமுழுகினால் காணுமே. உறவெண்டு கொள்ளி வைச்சால்தானே துடக்கு?"

"ஐயா, அந்தச் சனம் அண்டைக்குப் பகல் முழுக்க என்னைக் கூப்பிட்டது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இப்ப ஆரோ எவரோ எண்டு எப்பிடிச் சொல்லுவன்?"

ஐயர் தனியே கோயிலுக்குத் திரும்பினார்.

துடக்குக் கழியும் தறுவாயில் கடல் இன்னொரு உடலைக் கொண்டுவந்து போட்டது, மறுபடியும் துடக்கு. ஊராருக்குக் கால் போகாத இடத்துக்கு வாய் போயிற்று. "வீரகத்தியின்ர சொந்தக்காரர் இன்னும் வந்து முடியேல்லையோ?" என்று சூளையடியில் சிரித்தார்கள். அவர் தலை குனிந்து கல் சுமந்தார்.

ஆவணித் திருவிழா நாளில் ஒருவழியாகத் துடக்குக் கழிந்தது. தலைமுழுகி, நீறு பூசி, நிறைகுடத்தோடு புறப்பட்டவரின் காதில் அந்த மணி விழுந்தது. மேற்கே திரும்பினார். அலை வாயில் உருவழிந்த பேருடல் ஒன்று கிடந்தது. குடத்தைப் பார்த்தார், கோயில் கோபுரத்தைப் பார்த்தார். "சுவாமி, இன்னும் கொஞ்சம் பொறுக்கவேணும்" என்று நீரை மணலில் வார்த்தார்.

தனியே தூக்க முடியவில்லை. மூச்சு வாங்கி நின்றபோது, வெள்ளை வேட்டி உடுத்த ஒருவர் மறுபக்கம் வந்து குனிந்தார்.

"நீர் ஆர்?"

"கிடக்கிறவருக்குச் சொந்தம். பிடியும், தூக்குவம்."

இருவரும் சேர்ந்து தகனம் முடித்தார்கள். வந்தவர் வேட்டியோடு கடலில் முழுகி எழுந்து, ஈரம் சொட்டக் கரையோடு நடந்து மறைந்தார். அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. கூவலும் கேட்கவில்லை.

அன்று மாலை வீரகத்தியார் கோயில் வீதியில் எட்ட நின்று, மீண்டும் துடக்கென்று அறிவித்தார். மாலைப் பூசைக்காக, மடியிலிருந்த திறவுகோலால் ஐயர் மூலஸ்தானத்தைத் திறந்தார். காலையில் சுவாமிக்குச் சாத்திய வெண்பட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு நாவில் வைத்தார், உப்புக் கரித்தது. பீடமெங்கும் கடல் மணலும் சிதைச் சாம்பலும் கிடந்தன.

ஐயர் வெளியே வந்தார். கூடியிருந்த ஊரைப் பார்க்கவில்லை. வீரகத்தியாரைப் பார்த்தே கைகூப்பினார்.

"இண்டைக்குப் பூசை இல்லை, வீரகத்தியார். சுவாமிக்கும் துடக்கு."

கதவு சாத்தப்பட்டது. சிரித்த வாய்கள் அழுதன. அன்று ஊர் முழுதும் மேற்குக் கரைக்குப் போய், தம் வீட்டுச் சாவுக்கு முழுகுவதுபோல ஒன்றாகத் தலைமுழுகியது. கேளிர் இல்லாதார்க்கும் கேளிராகி, இறைவனையும் அவ்வுறவுக்குள் அழைத்த அடியாரை நாமும் வணங்குவோம்.