பெரிய பீக்கர்

"மேடம், நான் படிப்ப விட்டுரலாம்னு இருக்கேன்."

இசக்கியப்பன் நீட்டிய தாளை எமரன்சியா மேடம் வாங்கிப் பார்த்தார். டி.சி. கேட்டு முதல்வருக்கு எழுதிய கடிதம். முதலில் வகுப்புப் பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டுக்கு அந்தப் பொறுப்பு மேடத்துடையது.

கல்லூரி திறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

"ஏம்ப்பா?"

"பயமா இருக்கு மேடம்."

"பாடத்துக்கா? டெஸ்ட்ல நல்லாத்தான எழுதியிருக்க?"

"எழுதுததுக்குப் பயமில்ல மேடம். வாயத் தொறக்கத்தான்."

அவனே தொடர்ந்தான்.

"மொத வாரம் ஒரு கேள்வி கேட்டேன். எலக்ட்ரான் சுத்திக்கிட்டே இருக்கே, அதுக்குக் களைப்பே வராதான்னு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அன்னையில இருந்து என் பேரே களைப்புதான். கேன்டீன்ல டீ போடுதவரு கூட அப்படித்தான் கூப்பிடுதாரு."

"பிள்ளைங்க சிரிக்கத்தான் செய்யும்."

"நீங்களும் சிரிச்சீங்க மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

சிரித்தார்தான். கேள்வி பிடித்துப்போய்ச் சிரித்தார். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் வேறு பாடம். கேள்வி பிடித்துப்போனதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியர்களுக்கு இப்படி நிறைய விட்டுப்போகும். விட்டுப்போனது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

"இங்க இருந்து போய் என்ன செய்வ?"

"அண்ணன் டயர் கடை வச்சிருக்கான். அங்க யாரும் கேள்வி கேக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்."

மேடம் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் லேப் இருக்கு. அது முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அது வரைக்கும் வா."

"வந்து?"

"என் மேசைப் பக்கத்துல நில்லு. ஒரு வார்த்தை பேச வேண்டாம். உன்ன யாரும் ஒண்ணும் கேக்காம நான் பாத்துக்கிடுதேன்."

இசக்கிக்கு ஆறு வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாக இருந்தது.

*

மறுநாள் ஆய்வக உதவியாளர் லீவு. மகளுக்கு வளைகாப்பு. அதனால் கரைசல் தயாரிக்கிற வேலையும் மேடத்தின் தலையில் விழுந்தது.

முப்பத்திரண்டு பேர். அதில் பாதிப் பேர் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க மேடத்தின் மேசையை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கண்ணாடிதான் இல்லை.

மேசை மேல் இரண்டு பீக்கர்கள். எப்போதும் பெரியதில் தண்ணீர், சின்னதில் கந்தக அமிலம். அப்படித்தான் வைப்பார்கள்.

அமிலத்தை நீர்க்கச் செய்வதற்கு ஒரு விதி உண்டு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றி, அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் விழுந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். கண் போய்விடும். முதல் நாளே மேடம் இதை எல்லோரையும் எழுத வைத்து, அடிக்கோடும் போட வைத்திருந்தார்.

மேடம் சொன்னபடி இசக்கி ஓரமாக நின்றான். பேசவில்லை. யாரும் அவனைப் பேச வைக்கவும் இல்லை. சுகமாகத்தான் இருந்தது.

மேடம் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நோட்டு வந்தது. அதிலும் போட்டார். பின்னால் நின்ற யாரோ தள்ள, மேசை லேசாக ஆடியது.

பெரிய பீக்கரில் இருந்ததும் ஆடியது.

இசக்கி அதைப் பார்த்தான்.

மெதுவாக ஆடியது. கண்ணாடியில் ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கியது, நல்லெண்ணெய் மாதிரி. தண்ணீர் அப்படி ஆடாது.

மேடம் இடது கையில் சின்ன பீக்கரை எடுத்தார். வலது கை இன்னும் கையெழுத்தில் இருந்தது.

பெரியதில் இருப்பது அமிலமா? அப்படியென்றால் சின்னதில் இருப்பது தண்ணீரா?

சேச்சே. மேடத்துக்குத் தெரியாதா என்ன? பத்தொன்பது வருடமாக இதே மேசையில் ஊற்றுகிறவர். உனக்கு ஆறு வாரம். கத்திய பிறகு, பெரியதில் இருப்பது தண்ணீராகவே இருந்துவிட்டால்? களைப்புக்கு மேல் இன்னொரு பெயர் வரும். அதையும் கேன்டீன்காரர் சொல்வார். இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் கையெழுத்துக் கிடைத்துவிடும்.

சின்ன பீக்கர் சரிந்தது.

வரிசையில் முதலில் நின்ற அஸ்மா, எந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று காட்டக் குனிந்தாள். அவள் முகத்துக்கும் பெரிய பீக்கருக்கும் ஒரு சாண்கூட இல்லை.



"ஊத்தாதீங்க!"

அது இசக்கியின் குரல் மாதிரியே இல்லை. அலறல்.

ஒரு நொடி ஆய்வகம் திகைத்தது. பிறகு பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

"ஏல, களைப்பு தீந்துட்டுடோய்!"

மேடம் சிரிக்கவில்லை. சின்ன பீக்கர் சரிந்தபடியே அந்தரத்தில் நின்றது. விளிம்புவரை வந்துவிட்ட தண்ணீர் விழவில்லை. அவர் அதை மெல்ல நிமிர்த்தி, தூரமாக வைத்தார். அஸ்மாவைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். ஒரு கண்ணாடிக் குச்சியைப் பெரிய பீக்கரில் முக்கி எடுத்து, ஒரு துண்டு வடிதாளின் மேல் வைத்தார்.

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள்.

தாள் பழுப்பானது. பிறகு கறுத்தது. பிறகு குச்சி தொட்ட இடத்தில் ஓட்டை விழுந்தது.

சிரிப்பு அடங்கிவிட்டது.

"பெரியதுல இருக்கது தண்ணி இல்லன்னு வேற யாரு பாத்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"திட்ட மாட்டேன். சொல்லுங்க."

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னும் இரண்டு. பிறகு தயங்கித் தயங்கி இன்னும் நான்கு.

ஏழு கைகள்.

"ஏன் சொல்லல?"

முதலில் கை தூக்கியவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சோம் மேடம்."

*

எல்லோரும் போன பிறகும் இசக்கி நின்றான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சீடனைச் சோதிக்கிற குருமார்களின் கதைகளைச் சின்ன வயதில் அவன் கேட்டிருக்கிறான்.

"எனக்குப் புரிஞ்சிட்டு மேடம்."

"என்ன புரிஞ்சுது?"

"என் பயத்தப் போக்கத்தான வேணும்னே அப்படிச் செஞ்சீங்க? எல்லாரும் அதத்தான் பேசிக்கிட்டுப் போனாங்க. மேடம் டெஸ்ட் வச்சிருக்காங்கன்னு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்க அவர் பெயர் ஓங்கியிருக்கும். அந்த ஆசை அவருக்கு வரத்தான் செய்தது. வெட்கத்தோடு அதை விழுங்கினார்.

"இல்லப்பா."

"மேடம்?"

"காலையில அமில பாட்டிலோட மூடி உடைஞ்சிட்டு. கையில கெடச்சது பெரிய பீக்கர். அதுல ஊத்தி வச்சதே நான்தான். சின்னதுல இருந்தது கழுவ எடுத்த தண்ணி. மத்தியானம் சுத்தமா மறந்துட்டேன்."

இசக்கியின் முகத்தில் இருந்த தெளிவு போய்விட்டது. மேடம் வேண்டுமென்றே செய்ததாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

"நான் கத்தாம இருந்திருந்தா?"

"அஸ்மா முகம்," என்றார் மேடம். "அப்புறம் என் முகம். அப்புறம் நீ. நீயும் பக்கத்துலதான நின்ன?"

இசக்கி கறுத்த தாளைப் பார்த்தான்.

மேடம் இழுப்பறையைத் திறந்து அவன் கடிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். அது கைநழுவி மேசையில் விழுந்து உருண்டது. இரண்டாவது முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுத் தாரேன்னு சொன்னேன். சொன்னபடி போடுதேன்."

பேனா முனை தாளில் பட்டு, அங்கேயே நின்றது.

"வியாழக்கிழமை அடுத்த பேட்ச்சுக்கு லேப். அன்னைக்கும் உதவியாளர் லீவு. நான்தான் ஊத்தணும்."

இசக்கி பேனா முனையையே பார்த்தான்.

"தனியா ஊத்த எனக்குத் தைரியம் இல்லப்பா."

வெளியே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டு அடங்கியது.

"எத்தன மணிக்கு மேடம்?"