பவளத்தின் பின்னங்கால்கள்

"அம்மா, இவ என்ன பாவம் பண்ணினா?"

மலையடிவாரத்து ஆசிரமத்தில், விடிந்ததும் விடியாததுமாக வேலாயுதம் கேட்ட கேள்வி இது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வந்து சீடராகச் சேர்ந்தவர். குரு தெய்வானை அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர்.

வாசலில் பவளம் கிடந்தது. செம்மண் நிற நாய். நேற்று மாலைவரை குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தது. இன்று முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்க்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் துவண்டு தரையில் இழுபடுகின்றன.

வேலாயுதம் அதன் இடுப்பைப் பிடித்து நிற்கவைக்கப் பார்த்தார். அது வீரிட்டது.

"தூக்காதீங்க அண்ணா. ஒரு பலகை கொண்டாங்க."

"பலகைக்கு எங்கே போறது? உங்க ஆசனம்தான் இருக்கு."

"அதுவும் பலகைதானே?"

தான் அமர்ந்து உபதேசம் செய்யும் பலகையை அம்மாளே எடுத்து வந்தார். போர்வையை அடியில் செருகி, முதுகு வளையாமல் பவளத்தை அதன்மேல் நகர்த்தினார்கள். துண்டால் தளர்வாகக் கட்டி, பால் வண்டியில் ஏற்றினார்கள்.

டவுன் கால்நடை மருத்துவர் பின்னங்கால் விரலைக் கிள்ளினார். பவளம் வெடுக்கென்று திரும்பியது.

"உணர்ச்சி இருக்கு, நல்லவேளை. முதுகுத்தண்டுல நரம்பு அழுந்தியிருக்கு. மருந்து தரேன். ஆறு வாரம் அசையாம படுத்திருக்கணும்."

"நடக்குமா சார்?"

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம்."

அன்றிலிருந்து வேலாயுதம் மாமரத்தடிக் கொட்டகையில் பவளத்தோடே இருந்தார். சில மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தார். மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் போகவைத்தார். படுக்கை நனைந்தபோதெல்லாம் பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "எனக்கும் ஒருநாள் இப்படித்தான்டி" என்று சொல்லித் துடைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் குருவிடம் போனார்.

"தியானத்துக்கு உட்காரவே முடியலைம்மா."

"அதைச் சொல்லவா வந்தீங்க?"



"இல்லை. ஊசி போட்டு அனுப்பிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நடக்காமலே போயிட்டா? அவ படற துயரத்தைப் பார்க்க முடியலை."

அம்மாள் எழுந்தார். கொட்டகைக்கு வந்தார். பவளத்தின் பக்கத்தில், வெறும் தரையில், கன்னம் மண்ணில் பட ஒருக்களித்துப் படுத்தார்.

"நீங்களும் படுங்க."

முழங்கால் வலிக்க, வேலாயுதம் மறுபக்கம் படுத்தார். பவளத்தின் மூச்சு அவர் காதில் சூடாக விழுந்தது.

"என்ன பார்க்கிறா?" என்றார் அம்மாள்.

அவர் அதன் பார்வையைத் தொடர்ந்தார். மாமரத்தில் ஓர் அணில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. பவளத்தின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. முன்னங்கால் ஒன்று மண்ணைப் பிறாண்டியது.



திடீரென்று வேலாயுதம் கையை ஊன்றி எழுந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"அணில் அந்தப் பக்கம் போயிடுச்சும்மா. இவளைத் திருப்பிப் படுக்கவைக்கணும்."