எர்த் கிடைக்காத விளக்கு

நாமக்கல்லில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் பெஞ்சமினிடம் தொழில் கற்க வந்த எத்திராஜுக்கு வயது ஐம்பத்து நாலு. குருவுக்கு முப்பத்தொன்பது. குரு சிஷ்யரை "அண்ணே" என்பார். சிஷ்யர் குருவை "மாஸ்டர்" என்பார். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

ஒரு நாள் காலை எத்திராஜ் கேட்டார்.

"மாஸ்டர், ஆறு வருஷமா எங்கக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கேன். முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குது. நான் இன்னும் என்னதாங்க பண்றது?"

அக்கா மகனைக் காலேஜில் சேர்க்க எத்திராஜ்தான் கார் ஓட்டிப் போனார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. வண்டி புளியமரத்தில் போய் மோதியது. பையனுக்கு இடது கால் போயிற்று. இவருக்குச் சிராய்ப்புகூட இல்லை, அதுதான் இன்றுவரை அவரைத் தின்கிறது. அன்றோடு வண்டி ஓட்டுவதை விட்டார். வருஷம் தவறாமல் பொங்கல் சீர் கொண்டுபோனார். போன மாதம் காலிலும் விழுந்து பார்த்தார். அக்கா கையிலிருந்த முறத்தோடு உள்ளே போய்விட்டாள்.

பெஞ்சமின் புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்திருந்த ஒரு காரைக் காட்டினார்.

"கதவைத் திறந்தா உள்ள லைட் எரியலையாம். பாருங்கண்ணே."

எத்திராஜ் பல்பை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். கதவோரத் தூணில் இருக்கும் பட்டன் ஸ்விட்சையும் புதிதாகப் போட்டார். விளக்கு கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

"பல்பு வரைக்கும் கரண்டு வருதுங்க மாஸ்டர். எரியத்தான் மாட்டேங்குது."

"வந்த கரண்டு எப்படித் திரும்பிப் போகும்?"

"ஸ்விட்ச் வழியா வண்டி பாடிக்கு. அதுதானுங்களே எர்த்து."

"ஸ்விட்ச் எதுமேல உட்கார்ந்திருக்கு?"

எத்திராஜ் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தார். அடியில் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட்.

"பெயிண்ட் கரண்டை விடாதுண்ணே." பெஞ்சமின் உப்புத்தாளை நீட்டினார்.

"ஐயோ, இவ்வளவு அழகா அடிச்சிருக்காங்களே மாஸ்டர்!"

"அழகுதான். தகரம் தெரியிற வரைக்கும் தேய்ங்க."

மனசே இல்லாமல் தேய்த்தார். தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்விட்சை அதன்மேல் வைத்து முடுக்கியதும் விளக்கு எரிந்தது. எத்திராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்காகிட்ட என்ன சொல்லிண்ணே மன்னிப்புக் கேட்டீங்க?"

"பிரேக் பிடிக்கலக்கா, மன்னிச்சிருன்னு."

"பிரேக் பிடிக்கலீங்களா?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எத்திராஜ் உப்புத்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சாமியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

"தூங்கிட்டேன் மாஸ்டர்."

சொல்லிவிட்டு அழுதார். ஆறு வருஷத்து அழுகை. அது ஓயும்வரை பெஞ்சமின் பக்கத்தில் நின்றார்.

"பையன் எங்கண்ணே உட்கார்ந்திருந்தான்?"

"முன் சீட்லதான். என் பக்கத்துல."

பெஞ்சமின் காரின் கதவைச் சாத்தினார். உள்ளே விளக்கு அணைந்தது.

"அவனும் தூங்கிட்டு இருந்தானாண்ணே, அவங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாம இருக்க?"