துடைக்காத கண்ணாடி

பேராசிரியர் கோதைநாயகியின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பெட்ரோல் இஞ்சின்கள் எதிரெதிரே நின்றன. இரண்டிலும் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பாயும். பாயும் இடம்தான் வேறு.

ஒன்று திருமாறன் வடிவமைத்தது. அதில் பெட்ரோல் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து, பிஸ்டன் தலையின் குழிவில் பட்டு, மேலெழும்பித் தீப்பொறியைச் சேரும். மற்றது சேவியருடையது. அதில் உச்சியிலிருந்து, தீப்பொறிக்குப் பக்கத்திலேயே தூவும்.

இருவரும் கோதைநாயகியிடம் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். திருமாறன் பேராசிரியரைவிட வயதில் மூத்தவர். ஆனால் குருவுக்கு வயதென்ன கணக்கு?

ஆடி மாதம் சேவியர் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டும் நிற்கவில்லை. அதில் வென்ற இஞ்சின் காருக்குப் போகும். தோற்றதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

திருமாறன் சோதனைப் படங்களை மேசையில் பரப்பினார். அவருடைய இஞ்சினில் சுடர் தெளிவாக இருந்தது. சேவியருடையதில் மங்கித் தெரிந்தது.

“ரெண்டுல எதுங்க மேடம் நல்லது? என்னோடதுன்னு எழுதிடட்டுங்களா?”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கோதைநாயகி படங்களைத் தொடவில்லை. எழுந்து இஞ்சின்களுக்கு அருகே போனார். உள்ளே எரிவதைப் பார்ப்பதற்காக இரண்டிலும் சிறு கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். திருமாறனுடைய சன்னலில் அவர் முகம் தெரிந்தது. சேவியருடையதில் கரி அப்பிக் கிடந்தது.

“உங்க கண்ணாடியை யாருங்க துடைச்சது?”

“நான்தானுங்க. ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் துடைச்சிருவேன்.”

“சேவியரோடதை?”

“அவங்கவங்க கண்ணாடியை அவங்கவங்கதானுங்களே துடைக்கணும்? இங்க வழக்கம் அதுதானுங்களே?”

வழக்கம் அதுதான். அடுத்தவர் கை பட்டுக் கீறல் விழுந்தால் வீண் சண்டை வரும் என்று கோதைநாயகியே ஏற்படுத்தியது.

“சேவியர் எப்படிங்க வந்து துடைப்பார்?”

அது தோன்றவில்லை என்று திருமாறன் சொன்னால் பொய்யாகிவிடும். ஒருநாள் துணியோடு அந்தக் கண்ணாடிவரை போன கையை, வழக்கத்தைச் சாக்கு வைத்து இழுத்துக்கொண்டது அவருக்குத்தான் தெரியும்.

பேராசிரியர் துணியை நீட்டினார். திருமாறன் வாங்கி, நண்பனின் கண்ணாடியைத் துடைத்தார். கரி லேசில் விடவில்லை. துடைத்து முடித்ததும் இரண்டு இஞ்சின்களையும் ஓட்டினார்.

சேவியருடைய சன்னலில் நீலச் சுடர் பூத்தது. அத்தனை நாளும் அது அப்படித்தான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. திருமாறனுக்கு அழுகை முட்டியது. தன் இஞ்சின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

ஓட்டம் நின்றது.

“சேவியரோடதுதாங்க மேடம் நல்லது. அப்படியே எழுதிடறேன். என்னோடதை இரும்புக்குப் போட்டுருங்க.”

கோதைநாயகி அவர் கையிலிருந்த துணியை வாங்கினார். புதுக்கரி படிந்திருந்த திருமாறனின் கண்ணாடி முன்னே போய்க் குனிந்தார்.

“வேற துணி எடுத்து நீங்க சேவியரோடதைத் துடைங்க. உங்களோடதை நான் துடைக்கிறேன். அப்புறம் ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு எது நல்லதுங்கற அந்தக் கேள்வியைக் கேளுங்க.”