இழுப்பறைக்குள் கேட்ட சத்தம்

"ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். இந்தக் கருவி செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க. நான் கிளம்பிடறேன்."

இருதயராஜ் ஏற்காடு வந்து சேர்ந்ததும் ஜுலைஹாவிடம் பேசிய முதல் பேச்சே இதுதான். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

ஜுலைஹா அவரைவிட வயதில் இளையவர். வேலையில் அவருக்குக் குரு.

கணினியில் மாட்டுகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிரல் வேண்டும். கணினி சொல்வதைக் கருவிக்கும், கருவி சொல்வதைக் கணினிக்கும் எடுத்துச் சொல்கிற நிரல். டிரைவர் என்பார்கள். அதை எழுதுவதில் ஜுலைஹாவுக்கு நிகராக ஆள் கிடையாது என்று சென்னையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு நாள் கம்பெனியை விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டு வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

இருதயராஜின் வேலை சோதித்துப் பார்ப்பது. அவருடைய கம்பெனி கணினியை இயக்கும் ஒரு புது சிஸ்டத்தை வெளியிடப் போகிறது. அதற்கு முன்னால் பிரிண்டர், கேமரா, ஸ்பீக்கர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் அதில் மாட்டிப் பார்த்து, எது ஓடுகிறது, எது படுத்துக்கொள்கிறது என்று சொல்ல வேண்டும். படுத்தவற்றை எல்லாம் எப்படியோ எழுப்பிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் எழவில்லை. அதைத்தான் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"காட்டுங்க அண்ணே" என்றார் ஜுலைஹா.

நீளமான கறுப்புப் பலகை. விளிம்பு முழுக்கத் தேய்ந்திருந்தது. முன்பக்கம் ஒரே வரிசையில் ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள். துளைகளுக்குள் சின்னச் சின்ன முனைகள். அவை மேலே எழும்பினால் புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தால் பிரெய்ல் எழுத்து.

"யாரோடது?"

"தெய்வானைன்னு ஒரு அம்மா. சேலத்துல இருக்காங்க. கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. காலேஜ் படிக்கறப்ப வந்த காய்ச்சல்ல ரெண்டும் போயிடுச்சு. பேச்சு மட்டும் இருக்கு. நாம சொல்றது அவங்களுக்குப் போகணும்னா இதுதான் வழி. கீபோர்டுல அடிச்சா இதுல எழும்பும். தடவிப் படிப்பாங்க."

"அவங்க வச்சிருந்ததையா எடுத்துட்டு வந்தீங்க?"

"அவங்களேதான் கொடுத்தாங்க மேடம். புது சிஸ்டம் வந்தப்புறம் ஓடலைன்னா என்னை மாதிரி இருக்கிற எல்லாருமே மாட்டிக்குவாங்க, இப்பவே பாத்துடுங்கன்னு தூக்கிக் கொடுத்துட்டாங்க."

"இப்ப அவங்களுக்கு?"

இருதயராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தங்கச்சிதான் அவங்க உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டறாங்களாம். தங்கச்சியும் வேலைக்குப் போறவங்க. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்."

ஜுலைஹா பலகையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

"பழைய சிஸ்டத்துல ஓடுதா?"

"ஓடுது. ஆனா அதை நிறுத்தப் போறாங்களே."

"அப்ப சாகல."

"புது சிஸ்டம் செத்துப்போச்சுங்குதே மேடம். நீ யாருன்னு கேட்டா பதிலே வரலைங்குது. நான் விட்டுவைக்கலை. வயரை மாத்தினேன். மெஷினை மாத்தினேன். டிரைவரை அழிச்சு அழிச்சுப் போட்டேன். பிரபாகர்தான் எங்க தலைவர். பழைய கருவி, விட்டுடுங்கங்கறார். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா என் மனசு ஆறிடும்."

ஜுலைஹா பலகையை மேசைமேல் வைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"வர்ற வழியில அடிவார—"

"சாப்பிட்டீங்களா?"

"அடிவாரத்துல ரெண்டு இட்—"

"சாப்பிட்டீங்களா?"

இருதயராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

"மேடம், நான்—"

"சாப்பிட்டீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வளைவு ஏறி வந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

ஜுலைஹா அவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேட்டுக் கேட்டுப் பார்த்தாச்சு. பதில் இல்லை. இங்க ஆளே இல்லைன்னு சொல்லிடலாமா?"

"இங்கதானே இருக்கேன்!"

தனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"வாயைத் திறக்கறதுக்குள்ள மறுபடி கேட்டா மனுஷன் எப்படிப் பதில் சொல்வான்?"

ஜுலைஹா எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் வைத்து இதயத் துடிப்பைக் காட்டுவார்களே, அதைப்போல ஒரு சின்னத் திரை அதில் இருந்தது. இருதயராஜ் கொண்டுவந்திருந்த கணினிக்கும் பலகைக்கும் நடுவில் வயரை மாட்டி, அதில் பெட்டியைக் கோத்தார்.

திரையில் இரண்டு கோடுகள் ஓடின.

"மேல இருக்கிறது கணினி பேசுறது. கீழ இருக்கிறது இது பேசுறது."

"இது பேசுமா?"

"பாருங்க."

இருதயராஜுக்கு இந்த வேலையிலேயே தலை நரைத்திருந்தது. ஓடுகிறது, ஓடவில்லை என்ற இரண்டு பதில்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒரு கருவி பேசுவதைப் பார்த்ததில்லை.

ஜுலைஹா புது சிஸ்டத்தை ஓடவிட்டு, திரையில் ஓட்டத்தை நன்றாக மெதுவாக்கினார்.

மேல்கோடு துள்ளியது. நீ யார்?

கீழ்க்கோடு அசையாமல் கிடந்தது.

"பார்த்தீங்களா, பதில் இல்ல" என்று தொடங்கிய இருதயராஜ் நிறுத்திக்கொண்டார். பலகையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

டிக்.

"என்ன பண்ணுது?"

"எழும்பி நிக்கிற முனை எல்லாத்தையும் முதல்ல கீழே இறக்குது. பழைய கருவி. எல்லாம் இறங்கினப்புறம்தான் பேசும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

கீழ்க்கோட்டில் ஒரு நடுக்கம் தெரிந்தது. சின்னதாக, தூங்கி எழுந்தவரின் இமை போல. அது ஒரு மேடாக எழும்பப் பார்த்தது.

அதற்குள் மேல்கோடு செங்குத்தாக விழுந்தது. கீழ்க்கோடு அறுந்தது.

"புது சிஸ்டத்துக்கு வேகம் ஜாஸ்தி" என்றார் ஜுலைஹா. "பதில் வரலைன்னு கரண்டை நிறுத்தி, மறுபடி கொடுத்து, மறுபடி கேக்குது."

நீ யார்?

டிக்.

நடுக்கம். அறுந்தது.

நீ யார்?

டிக்.

நடுக்கம். அறுந்தது.

ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தொடங்கியது. கொஞ்சமும் சலித்ததாகத் தெரியவில்லை. முதல் தடவை கேட்பதுபோல, முதல் தடவை சொல்வதுபோல, தன் பெயரின் முதல் எழுத்துக்கு வாயைத் திறந்தது.

"இது எவ்வளவு நேரம் இப்படிப் பண்ணும் மேடம்?"

"கரண்ட் இருக்கிற வரைக்கும்."

இருதயராஜின் முகம் மாறியது.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்."

ஜுலைஹா காத்திருந்தார்.

"ஆபீஸ்ல மாட்டினது மாட்டினபடியே விட்டிருந்தேன். டிக் டிக்னு ஓயாத சத்தம். பக்கத்துல இருக்கிற பையன் தலை வலிக்குதுன்னான். வயரோட சேர்த்து இழுப்பறைக்குள்ள தள்ளி மூடிட்டேன். அதுக்கப்புறமும் கேட்டுச்சு. துண்டைச் சுத்தி வச்சேன். வாரக்கணக்கா அப்படியே கிடந்தது."

டிக், என்றது பலகை.

"அப்ப அந்த இருட்டுல, அத்தனை நாளும்..."

"அத்தனை நாளும்" என்றார் ஜுலைஹா.

தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதை இருதயராஜ் கவனிக்கவில்லை. கீழ்க்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நடுக்கம் வந்தது, அறுந்தது, வந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு மூச்சை விடவே பயமாக இருந்தது.

நெடுநேரம் கழித்து ஜுலைஹா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"நானா?"

பதில் இல்லை.

இருதயராஜ் டிரைவரைத் திறந்தார். கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் இடத்தைத் தேடிப் பிடித்தார்.

"எவ்வளவு போடணும் மேடம்?"

ஜுலைஹா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் மரங்களை மூடிக்கொண்டு பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், அளவு—"

நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவர் எந்த அளவும் போடவில்லை. மறுபடி கேட்பதையும், கரண்டை நிறுத்துவதையும் எடுத்துவிட்டார். ஒரே ஒரு தடவை கேட்கச் சொன்னார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நீ யார்?

டிக்.

நடுக்கம் வந்தது. மேல்கோடு அசையாமல் இருந்தது. நடுக்கம் மேடானது. மேடு இறங்கியது. இன்னொரு மேடு. அதற்குப் பின்னால் இன்னொன்று. கீழ்க்கோடு முழுக்க மேடும் பள்ளமுமாகத் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடி, முடிந்து, அமைதியானது.

கணினியில் அந்தக் கருவியின் பெயர் வந்து நின்றது.

இருதயராஜ் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடிவாரம் வந்ததும் பிரபாகருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

"காத்திருக்கச் சொன்னா சிஸ்டம் ஆரம்பிக்கிறதே லேட் ஆகுமே சார்?" என்றார் பிரபாகர்.

"கண்ணை மூடித் திறக்கிற நேரம்."

"எல்லாருக்கும் லேட். ஒரே ஒருத்தருக்காக."

சொல்ல நிறைய இருந்தது. மலை இறங்கும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அவர் ஒன்றையும் சொல்லவில்லை. போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று தோன்றியது. இல்லை, பிரபாகரின் மூச்சு கேட்டது.

"அந்தம்மா இப்ப எப்படி சார் படிக்கறாங்க?"

"படிக்கலை."

இன்னும் கொஞ்சம் மூச்சு.

"சரி சார். மாத்திடுங்க."

சேலத்தில் தெய்வானையின் வீடு ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்தது. தங்கை கோதை கதவைத் திறந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருப்பார் போல. கைப்பை தோளிலேயே தொங்கியது. அக்காவின் உள்ளங்கையைப் பிடித்து விரலால் ஏதோ எழுதினார்.

தெய்வானையின் முகம் நிமிர்ந்தது. இரண்டு கைகளையும் நீட்டினார்.

இருதயராஜ் பலகையை அவர் முன்னால் மேசையில் வைத்தார். புது சிஸ்டம் போட்ட தன் கணினியில் மாட்டினார்.

டிக்.

தெய்வானையின் விரல்கள் துளைகளின்மேல் வந்து உட்கார்ந்தன. கீழே ஒன்றும் எழும்பியிருக்கவில்லை. விரல்கள் நகரவும் இல்லை.

இருதயராஜ் கீபோர்டில் அடித்தார்.

வணக்கம் அம்மா. தாமதமாகிவிட்டது.

புள்ளிகள் எழும்பின. தெய்வானையின் விரல்கள் இடமிருந்து வலமாக ஊர்ந்தன. வரியின் முடிவுக்குப் போயின. விரல்கள் தொடக்கத்துக்குத் திரும்பின. மறுபடி ஊர்ந்தன.

புரிந்ததா, எழுத்து சரியாக வருகிறதா, எங்கேயாவது விட்டுப்போகிறதா என்று கேட்க இருதயராஜின் விரல்கள் துடித்தன. கீபோர்டின்மேல் வைத்தார். எடுத்தார்.

கோதை சுவரோரம் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறையாக விரல்கள் வரியின் தொடக்கத்துக்கு வந்தன. அங்கேயே நின்றன.

"தம்பி" என்றார் தெய்வானை. தன் குரல் தனக்கே கேட்காதவரின் உரத்த குரல். "கொஞ்ச நேரம் வேற ஒண்ணும் அடிச்சிடாதீங்க. இது இப்படியே இருக்கட்டும்."