பருப்பு வேக நாற்பது பக்கம்

கூழையன்குறிச்சிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே குறை அதுதான். "தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்கவும்" என்று பஞ்சாயத்தில் போர்டு வைத்தார்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் யாரும் தொட்டியைத் திறக்கவில்லை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தது.

அந்த ஊர்க் கல்லூரிக்குத் திரைக்கதை வகுப்பு எடுக்க வந்து சேர்ந்தார் தேவசகாயம் சார். சென்னையில் பதினெட்டு வருஷம் உதவி இயக்குநர். டைரக்டர்களுக்குக் குடை பிடித்துப் பிடித்தே ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன மனுஷர். இங்கேதான் முதல்முதலாக அவரை 'சார்' என்று கூப்பிட்டார்கள். அதிலேயே உருகிப்போனார், பாவம்.

மாணவர்கள் மூன்றே பேர்: மாசானம், ஐயம்பெருமாள், உலகம்மாள். தாளாளர் பொன்னுலிங்கம் ஐயா ஒருநாள் வகுப்பை எட்டிப்பார்த்தார். மூன்று தலைகளையும் இரண்டு தரம் எண்ணினார்.

"சார், வர்ற சனிக்கிழமை காலைல ஒம்பதரைக்கு வருவேன். ஆரம்பிச்சு முடிஞ்ச திரைக்கதை ஒண்ணு என் கையில இருக்கணும். இல்லேன்னா வகுப்பை மூடிட்டு இந்த ரூம்ல தையல் மிஷினைப் போட்டுருவேன்."

சாரின் கை தானாக இறங்கிய தோளைத் தடவியது. மறுபடியும் குடையா? அன்றைக்கே மூன்று பேரையும் உட்காரவைத்து மூன்று விதிகள் சொன்னார்.

"சினிமாவுல ஒரு பக்கம்னா ஒரு நிமிஷம். கேமரா பாக்குறதை மட்டுந்தான் எழுதணும். ஆசைப்படுறவங்களுக்குக் குறுக்கே ஏதாவது ஒண்ணு நிக்கணும். அவ்வளவுதான், எழுதுங்க."

கதை சட்டென்று கிடைத்துவிட்டது. நல்ல கதைதான், குறை சொல்லக்கூடாது. மகன் பத்து மணி பஸ்ஸில் முதல் வேலைக்குக் கிளம்புகிறான். அவனுக்குச் சாம்பார் சோறு போட்டு அனுப்பவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கேட்ட சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிரமாதம்! அப்படியே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை, 'அம்மா உலையில் பருப்பைப் போடுகிறாள்' என்று எழுதியதும் மாசானத்தின் பேனா நின்றது.

"ஏல ஐயம்பெருமாள், பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆவும்?"

"துவரம்பருப்புல்லா? நாப்பது நிமிஷம்."

"அப்ப நாப்பது பக்கம்."

மூன்று பேரும் நோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"குக்கர்ல வச்சா பத்து பக்கத்துல முடிஞ்சிரும்" என்றாள் உலகம்மாள்.

"ஏழை வீடுன்னு முதல் வரியிலயே எழுதியாச்சே. குக்கருக்கு எங்க போவா?" என்றான் மாசானம்.

"முந்தின நாளே ஊறப்போட்டா சீக்கிரம் வேகும்லா?"

ஐயம்பெருமாள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். "பன்னெண்டு மணி நேரம் ஊறணும். ஊறுறதுக்கே எழுநூத்தி இருவது பக்கம் ஆயிரும்."

சரி, நாற்பதே மேல் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த நாற்பது பக்கத்தில் என்ன எழுதுவது?

"பருப்பு வேகுதுன்னு எழுதுவோம்" என்றான் மாசானம்.

"எப்படிச் சொல்லுத? பானை மூடியிருக்கு. கேமரா உள்ள பாத்துச்சா?" என்று மடக்கினான் ஐயம்பெருமாள்.

"மூடியைத் திறந்து வச்சிருவோம்."

"திறந்து வச்சா அம்பத்தஞ்சு பக்கம் ஆவும்" என்று உலகம்மாள் அதட்டினாள். சமையல் விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. எனவே மூடி மூடியபடியே இருந்தது, நாற்பது பக்கமும் வெள்ளையாக விடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பக்க எண் மட்டும் அழகாகப் போட்டார்கள்.

வியாழக்கிழமை குறுக்கே நிற்பதற்கு ஆள் தேடினார்கள். மாசானம் வீட்டு எருமை சும்மாதான் இருந்தது. அதை உலகம்மாள் வீட்டுக்குள் ஓட்டிப்போய் அடுப்புக்குக் குறுக்கே நிறுத்தி, நேரம் பார்த்தார்கள். எருமை கழுநீரைக் குடித்தது, உலகம்மாளின் அம்மா காயப்போட்டிருந்த சேலையில் பாதியைத் தின்றது, ஏழு நிமிஷம் கழித்துத் தானாக வெளியே போனது. அவள் அம்மா விளக்குமாற்றை எடுத்ததால் இவர்களும் வெளியே போனார்கள். 'எருமை நிற்கிறது' என்று ஏழு பக்கம் எழுதி, வெள்ளைப் பக்கங்களுக்கு முன்னால் செருகி, பக்க எண்களைத் திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை சார் கேட்டார், "எப்படி இருக்கு கதை?"

"வெந்துக்கிட்டு இருக்கு சார்."

"ஆஹா! நல்லா வேகட்டும், அவசரப்படாதீங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சரியாக ஒன்பதரைக்குப் பொன்னுலிங்கம் ஐயா வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்ததைப் புரட்டப்போனார். மாசானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறுங்க ஐயா. இன்னும் இருவது செகண்ட் இருக்கு."

அப்புறம் ஏழு பக்கம் எருமை நின்றது. ஐயா இரண்டு தடவை "ஹை, ஹை" என்று விரட்டிக்கூடப் பார்த்தார். ஒன்பதாம் பக்கம் வெள்ளையாக இருந்தது. பத்தாம் பக்கமும் அப்படியே.

"என்னவே இது? ஒண்ணுமே இல்ல?"

"பருப்பு வேகுது ஐயா."

தேவசகாயம் சார் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்தது. ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். பொன்னுலிங்கம் ஐயாவும் கூழையன்குறிச்சிக்காரர்தான்.

"அதை முதல்லயே சொல்லப்படாதா?" என்று ஐயா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பதினாலாம் பக்கத்தில், "உப்பை இப்பவே போட்டுறாதிய, வேகாது" என்றார். இருபதில் எச்சில் விழுங்கினார். இருபத்தைந்தில், "விறகை உள்ள தள்ளு புள்ள" என்று உலகம்மாளிடம் சொன்னார். அவளும் நோட்டின் பக்கத்தில் கிடந்த ஸ்கேலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

முப்பதாம் பக்கம் முடிகிற நேரம் கல்லூரி வாசலில் பத்து மணி பஸ் ஹாரன் அடித்தது.

ஐயா துள்ளி எழுந்தார். "ஐயய்யோ! பையன் இன்னும் சாப்பிடலியே!"

நோட்டைச் சாரின் கையில் திணித்தார். "சார், பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருங்க, விட்டா அடிப்பிடிச்சிரும்! அந்தப் புள்ள சாப்பிட்டுப் போற வரைக்கும் இந்த வகுப்பை எவனும் மூட முடியாது!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சார் திகைத்து நின்றார். பிறகு முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். முப்பத்திரண்டைப் புரட்டும்போது அவருக்கே லேசாகச் சாம்பார் வாசம் அடித்தது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

வெளியே ஐயா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸை மறித்து நின்றார். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி?"

"பருப்பு வேகல. இன்னும் பதினெட்டுப் பக்கம் பொறும்."

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி, "எல்லாரும் இறங்கிக்கோங்க, பதினெட்டுப் பக்கம் ஆவுமாம்" என்றார்.

யாரும் முணுமுணுக்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கினாள்.

"அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி நாலு அப்பளம் பொரிச்சுக்கிட்டு வந்திருதேன். வெறும் சாம்பார் சோத்தை அந்தப் புள்ள எப்பிடித் திங்கும்?"