அண்ணாச்சி போட்ட கையெழுத்து

ரிமோட் விமானப் போட்டிக்கு இரண்டே நாள்! கிளப் தலைவர் தனபாண்டியன் தன் பரிவாரத்தோடு தூத்துக்குடி ஃபைபர் படகுப் பட்டறைக்குள் புகுந்து, தெர்மாகோல் இறக்கையை நீட்டினார்.

"இதுமேல ஃபைபர் துணி ஒட்டணும். படகுக்குப் பூசுற ரெசின் பசையையே பூசு. இறக்கை கெட்டுதுன்னா உன் வேலை போயிரும்!"

"அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்னுரும் அண்ணாச்சி. எபாக்ஸி பசைதான் சரிப்படும்," என்றாள் பட்டறையில் வேலைசெய்யும் சகாயராணி.

"எனக்கே பாடம் எடுக்கியா?" பரிவாரம் கெக்கலித்தது.

சகாயராணி பிரஷை ரெசினில் முக்கிப் பணிவாக நீட்டினாள். "அப்போ முதல்ல உங்க கையெழுத்தைப் போடுங்க அண்ணாச்சி. யார் யோசனைன்னு ஊருக்குத் தெரியட்டும்."

அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இறக்கை முழுக்க வளைத்து வளைத்துப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தெல்லாம் பள்ளமாகி, இறக்கை இரண்டாக விழுந்தது.

"எவன் செஞ்ச வேலை இது?" என்று அலறினார்.

"பேர் போட்டிருக்கே அண்ணாச்சி!"